கயிறு யார் கையில்? விடுமுறைக் கூட்டுப் பயணத்தில் நாய், பூனைகளைப் பத்திரமாகப் பார்க்க முழுமையான வழிகாட்டி

மட்டக்களப்பிலிருந்து நுவரெலியாவுக்கு ஐந்து குடும்பங்கள், இரண்டு வேன்கள், சின்னதும் பெரிதுமாக இருபத்து மூன்று பேர், ஒரு நாய். மகா ஓயாவில் தேநீர் குடிக்க நிறுத்தினோம். பக்கக் கதவை இழுத்ததும் பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் இறங்கினார்கள். அவர்களின் கால்களுக்கிடையால் ஜிம்மியும் இறங்கினான். கயிறு மூத்த மகனின் கையில் இருக்கிறது என்று நான் நினைத்தேன். அம்மாவிடம் இருக்கிறது என்று அவன் நினைத்தான். கயிறு வேன் இருக்கைக்கு அடியில் கிடந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு லொறி ஹோர்ன் அடிக்க, ஜிம்மி பற்றைக்குள் பாய்ந்துவிட்டான்.

இரண்டரை மணி நேரம் தேடினோம். கடைசியில் ஒரு மதகின் கீழ் நடுங்கிக்கொண்டு நின்றான். நுவரெலியாவுக்கு இருட்டிய பிறகுதான் போய்ச் சேர்ந்தோம். வழி முழுக்க என் மாமி ஒரு வார்த்தை பேசவில்லை, திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அதற்குப் பிறகு இதுவரை ஏழு பயணங்கள் போய்விட்டோம். நாங்கள் படித்துக்கொண்டதைப் படிப்படியாகக் கீழே தருகிறேன். முதல் படி மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம்.

முதல் படி: ஒரு பிராணிக்கு ஒரு ஆள்

என் மச்சான் கனடாவில் இருக்கிறார். அங்கே ஆர்.வி. என்று சொல்கிற வீட்டு வண்டி வைத்திருக்கிறார். படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி, கழிப்பறை எல்லாம் வண்டிக்குள்ளேயே. அப்படி வண்டி வைத்திருப்பவர்களுக்கு அங்கே பல கழகங்கள் உண்டு. அவற்றில் ஒன்றான வாலி பையம் கரவன் கழகம் 1955இல் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் கென்ட்வில் என்ற ஊரில் தொடங்கியது. இப்படிப்பட்ட கழகங்களில் வண்டிகள் வரிசையாகப் பயணம் போகும்போது முன்வண்டிக்காரர் வழி காட்டுவார். கடைசி வண்டிக்காரருக்கு ஒரே வேலை, யாரும் பின்தங்கிவிடாமல் பார்ப்பது. பழுதாகி நின்ற வண்டியைக் கடந்து அவர் போகமாட்டார்.

மகா ஓயாக் கதையைப் போனில் சொன்னபோது மச்சான் சிரித்துவிட்டுக் கேட்டார்: "உங்கட பின்வண்டிக்காரர் ஆர்?" எங்களிடம் அப்படி ஒருவரும் இல்லை. பிள்ளைகளை எண்ணுவதற்கு ஆள் இருந்தது. நாயை எண்ண ஆள் இல்லை.

இப்போது பயணம் பேசி முடித்த அன்றே பெயரைச் சொல்லிவிடுவோம். ஜிம்மிக்குப் பெரிய மகன், மாற்று ஆள் நான். அவன் குளிக்கப் போனால், தூங்கினால், கடைக்குப் போனால், "கயிறு உங்களிட்ட" என்று வாயால் சொல்லி என் கையில் தரவேண்டும். நானும் "என்னட்ட" என்று சொல்லவேண்டும். கேட்கச் சிரிப்பாக இருக்கும், பரவாயில்லை. பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு இந்தப் பொறுப்பு வேண்டாம். சாரதிக்கும் வேண்டாம். சமைக்கிறவருக்குக் கட்டாயம் வேண்டாம்.

இரண்டு வேன்கள் போனால் நாய் இருக்கும் வேன் பின்னால் வரட்டும். அவர்கள் நிறுத்த வேண்டி வந்தால் முன்வேனுக்கு ஒரு அழைப்புப் போதும்.

இரண்டாம் படி: கூட்டிப்போவதா, விட்டுப்போவதா

இதைப் புறப்படுகிற காலையில் வாசலில் நின்று யோசிக்கக் கூடாது. அந்த நேரத்தில் நாய் வாலாட்டும், பிள்ளை அழும், நாம் ஏற்றிவிடுவோம்.

எங்கே போகிறீர்கள் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். யால, குமண, கல்லோயா, ஹோர்ட்டன் சமவெளி போன்ற தேசியப் பூங்காக்களுக்குள் வளர்ப்புப் பிராணிகளைக் கொண்டுபோக அனுமதி இல்லை. கதிர்காமத்துக்கோ வேறு கோயிலுக்கோ போனால் ஒருவர் சாமி கும்பிடாமல் வெளியே நிற்கவேண்டி வரும். விடுதிகளில் பல, நாய் என்றதும் கையை விரிக்கும். போனில் "பார்ப்பம், வாங்க" என்று சொன்னால் அது சம்மதம் இல்லை. எழுத்தில் ஒரு குறுஞ்செய்தி வாங்கி வையுங்கள்.

அடுத்தது பிராணியின் குணம். பூனைக்கு வீடுதான் உலகம். அதை நான்கு நாள் பயணத்துக்கு இழுத்துக்கொண்டு போவது நமக்குச் சந்தோஷம், அதற்குத் தண்டனை. பறவைகளுக்கும் அப்படித்தான். கிழட்டு நாய், குட்டி போட்ட நாய், தடுப்பூசி முடியாத குட்டி, வேன் சத்தத்துக்கே வாயில் நுரை தள்ளுகிற நாய் இவை எல்லாம் வீட்டில் இருக்கட்டும். பக், ஷிட்சு போல மூக்குச் சப்பையான நாய்களை ஏப்ரல் வெயிலில் பாசிக்குடாவுக்குக் கொண்டுபோவதை நான் ஒருபோதும் ஆதரிக்கமாட்டேன். மூச்சு வாங்கித்தான் நாய் உடம்பைக் குளிரவைக்கிறது. மூக்குச் சப்பையானதற்கு அந்த வழியே பாதி அடைபட்டுக் கிடக்கிறது.

எங்கள் கணக்கு இதுதான்: ஒரு நாள் கடற்கரைப் பயணம், தெரிந்தவர் வீட்டில் தங்கல் என்றால் ஜிம்மி வருவான். கோயில், பூங்கா, விடுதி என்றால் அவன் வீட்டில்.

மூன்றாம் படி: ஒரு மாதத்துக்கு முன்

விசர்நாய்த் தடுப்பூசியைப் பயணத்துக்கு முதல் நாள் போடுவதில் பிரயோசனம் குறைவு. முதன்முறையாகப் போடும் ஊசிக்கு உடம்பில் எதிர்ப்புச் சக்தி உருவாக மூன்று நான்கு வாரமாவது வேண்டும். வழியில் எந்த ஊர் நாய் எதைக் கடித்துவிட்டு வந்து மோப்பம் பிடிக்கும் என்று நமக்குத் தெரியாது. அட்டையைப் படம் எடுத்து போனில் வையுங்கள், அசலையும் பையில் போடுங்கள். எலிக்காய்ச்சல் தடுப்பூசியைப் பற்றியும் மிருக வைத்தியரிடம் கேளுங்கள். மாரியில் வெள்ளம் நின்ற இடங்களில் எலி மூத்திரம் கலந்த தண்ணீரால் இது பரவும். நாய்க்கு வரும், மனிதருக்கும் வரும்.

கால்நடை வைத்திய அலுவலகமும் அரச அலுவலகம்தான். சித்திரை வருடப்பிறப்புக்கும் நத்தாருக்கும் அங்கே பூட்டு. மருந்து, மாத்திரை, ஆலோசனை எல்லாம் முந்திய வாரத்திலேயே முடியட்டும். போகிற ஊரில் விடுமுறையிலும் திறக்கும் தனியார் மிருக வைத்தியர் யார் என்று கேட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கண்டிப் பக்கம் போகிறவர்கள் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியப் போதனா மருத்துவமனையை நினைவில் வைக்கலாம்.

கழுத்துப்பட்டியில் உங்கள் போன் எண் இருக்கட்டும். நாயின் பெயரை எழுதி என்ன பயன்? கண்டெடுத்தவர் நாயோடு பேசப் போவதில்லை. துணிப் பட்டியில் அழியாத பேனாவால் எழுதினாலும் போதும். இரண்டு எண்கள் எழுதுங்கள், ஒன்று பயணத்துக்கு வராத ஒருவருடையது. மலைநாட்டில் சில வளைவுகளில் நமது போன் வேலை செய்யாது. வீட்டில் இருக்கும் அக்காவுடையது வேலை செய்யும். பட்டிக்கும் கழுத்துக்கும் இடையில் இரண்டு விரல் போகவேண்டும். அதற்கு மேல் இளக்கமாக இருந்தால் பயந்த நாய் தலையைப் பின்னால் இழுத்துக் கழற்றிவிடும். ஜிம்மி இரண்டு தடவை அதைச் செய்து காட்டியிருக்கிறான். அதனால் இப்போது நெஞ்சையும் தோளையும் சுற்றிப் பூட்டும் ஹார்னஸ்தான்.

நான்காம் படி: வேனுக்குப் பழக்குதல்

முதல் நாள் வேனை நிறுத்திவைத்து உள்ளே சோறு கொடுங்கள். அடுத்த நாள் எஞ்சினை ஓடவிட்டுக் கொடுங்கள். பிறகு கல்லடிப் பாலம் வரை ஒரு சுற்று, அப்புறம் செங்கலடி வரை. கடைசியில் ஒரு நல்ல இடத்தில் இறக்கி ஓடவிட்டுக் கூட்டிவாருங்கள். ஊசி போடுவதற்கு மட்டுமே வாகனத்தில் ஏறிய நாய்க்கு வேன் என்றாலே ஊசிதான். அதை மாற்ற ஒரு வாரமாவது பிடிக்கும்.

ஐந்தாம் படி: ஓடும் வேனுக்குள்

புறப்படுவதற்கு நான்கு மணி நேரத்துக்கு முன் அரை வயிற்றுச் சோறு, அதன்பின் தண்ணீர் மட்டும். செங்கலடியிலிருந்து மகா ஓயா, பிபிலை வரை பாதை நேராகத்தான் போகும். லுணுகலை, பசறை, பதுளை என்று ஏறும்போது மனிதரே பைக்குள் தலையை விடுவார்கள், நாயைக் கேட்கவா வேண்டும். வாந்தி எடுக்கும் நாய்க்கு மரோபிட்டன்ட் என்ற மாத்திரை இருக்கிறது. அளவை மிருக வைத்தியர்தான் சொல்லவேண்டும். நாம் பயணத்துக்குப் போட்டுக்கொள்ளும் வில்லையை உடைத்துக் கொடுக்க வேண்டாம்.

இடம் எது? நடு வரிசை, பொறுப்பாளரின் காலடி. ஹார்னஸிலிருந்து ஒரு சிறு கயிற்றை இருக்கைப் பட்டியோடு கொளுவுங்கள். கழுத்துப்பட்டியில் கொளுவினால் சாரதி திடீரென்று பிரேக் பிடிக்கையில் கழுத்து நெரிபடும். டொல்பின் வேனின் பின்பக்கம் பொதிகளோடு நாயைப் போடுவதைப் பலர் செய்கிறார்கள். குளிர்க்காற்று அங்கே ஒழுங்காகப் போவதில்லை, மேலே அடுக்கிய பெட்டி சரிந்தால் நாய் அடியில். சாரதியின் மடியைப் பற்றிப் பேசவே தேவையில்லை. யன்னலால் தலையை நீட்டி வருவது பார்க்க அழகு. கண்ணில் ஒரு வண்டு அடித்தால் அன்றைக்குப் பயணம் மிருக வைத்தியரிடம்தான்.

பூனையைக் கொண்டுபோயே ஆகவேண்டுமென்றால், வீடு மாறுகிறீர்கள் என்று வைப்போம், மூடியுள்ள பிளாஸ்டிக் கூடை நல்லது. மூடியை நான்கு பக்கமும் பிளாஸ்டிக் பட்டியால் இறுக்கி, உங்களது பழைய சட்டை ஒன்றை உள்ளே விரியுங்கள். மடியில் வைத்துத் தடவிக்கொண்டு போகிற யோசனை முதல் ஹோர்ன் சத்தத்தோடு முடிந்துவிடும். என் கையில் அதற்கான தழும்பு இருக்கிறது.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நிறுத்தம். நிறுத்தியதும் கதவைத் திறக்க முன் பொறுப்பாளர் "கயிறு கையில்" என்று சத்தமாகச் சொல்வார். அதைக் கேட்ட பிறகுதான் கதவு. எங்கள் சாரதித் தம்பி இப்போது அந்த வார்த்தை கேட்காவிட்டால் பூட்டையே விடுவிப்பதில்லை. முதலில் நாயும் பொறுப்பாளரும் இறங்கட்டும், பிள்ளைகள் பிறகு.

அப்படியிருந்தும் ஓடிவிட்டால் துரத்தாதீர்கள். எல்லாரும் பெயர் சொல்லிக் கத்திக்கொண்டு பின்னால் ஓடினால் பயந்த நாய் இன்னும் தூரம் போகும். ஒரே ஒருவர், பொறுப்பாளர், குந்தியிருந்து சாதாரணக் குரலில் கூப்பிடட்டும். வேனை அதே இடத்தில் நிறுத்தி, கதவைத் திறந்து, நாய் படுத்த துணியை நிலத்தில் போடுங்கள். பல நாய்கள் தொலைந்த இடத்துக்கே திரும்பி வரும். ஜிம்மியும் வேனிலிருந்து இருநூறு மீற்றருக்குள்தான் இருந்தான். நாங்கள்தான் ஒன்றரை மைல் ஓடியிருந்தோம்.

ஆறாம் படி: வெப்பம்

எனக்கு மிகப் பயமான விடயம் இது. ஒருவரும் கெட்ட எண்ணத்தோடு நாயை வெயிலில் பூட்டுவதில்லை. "ஐந்து நிமிடத்தில் சாப்பிட்டுவிட்டு வருவம்" என்றுதான் பூட்டுகிறோம். கிழக்கில் ஏப்ரலில் வெளியே 30 பாகை என்பது சாதாரணம். மூடிய வாகனத்துக்குள் பத்து நிமிடத்தில் அது 40 பாகையைத் தொடும். அரை மணியில் 50க்குக் கிட்டப் போகும். யன்னலை நாலு விரல் இறக்கி வைப்பதால் பெரிய வித்தியாசம் வருவதில்லை. மர நிழலும் நம் சோறு முடியுமுன் நகர்ந்துவிடும்.

மச்சானின் வீட்டு வண்டியில் குளிரூட்டி இருக்கிறது. முகாமிடத்து மின்சாரத்தில் அது ஓடும். மின்சாரம் நின்றால் வண்டியும் தகரப் பெட்டிதான் என்கிறார். அதனால் உள்ளே வெப்பம் ஏறினால் போனுக்குச் செய்தி அனுப்பும் ஒரு கருவியை வைத்திருக்கிறார். நம்மிடம் அது இல்லை, சாரதி எஞ்சினை நிறுத்தியதும் குளிர்க்காற்றும் நிற்கும். அதனால் எங்கள் கூட்டத்தில் சட்டம் எளிது: நாயை வேனில் தனியே விடுவதில்லை, ஒரு நிமிடம்கூட. இரண்டு பந்தியாகச் சாப்பிடுங்கள். கல்யாண வீட்டில் செய்கிறோமே, இங்கே ஏன் முடியாது?

நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39.2 பாகை வரை. 41க்கு மேல் போனால் உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கும். நாக்கு கடும் சிவப்பாகி வெளியே நீளமாகத் தொங்குவது, பிசின் போன்ற எச்சில், தள்ளாட்டம், வாந்தி ஆகியவை அறிகுறிகள். அப்படிக் கண்டால் முதலில் குளிரவையுங்கள், அதன்பின் வைத்தியரிடம் ஓடுங்கள். நிழலில் கிடத்தி, வயிறு, அக்குள், பாதங்கள் எங்கும் தண்ணீர் ஊற்றி, பலகையோ பாயோ எடுத்து விசிறுங்கள். ஈரத் துவாயைப் போர்த்தி அப்படியே விட்டால் அதுவே போர்வைபோலச் சூட்டை அடைத்துவைக்கும், ஊற்றிக்கொண்டே இருப்பதுதான் சரி. வாய்க்குள் தண்ணீரைப் பலவந்தமாக ஊற்றக்கூடாது. உடல் வெப்பம் 39.5க்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் ஒரேயடியாகக் குளிர்ந்துபோகும். நாய் எழுந்து நடந்தாலும் வைத்தியரிடம் காட்டத்தான் வேண்டும். சிறுநீரகத்தில் நடந்த சேதம் மறுநாள்தான் தெரியவரும்.

தார் ரோட்டிலும் மணலிலும் நடத்துமுன் புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் வைக்க முடியாவிட்டால் அதன் பாதத்தாலும் முடியாது.

ஏழாம் படி: கடற்கரை, குளம், காடு

கரைவலை இழுத்த கரையில் நாயை அவிழ்த்துவிடாதீர்கள். வலையிலிருந்து தட்டிவிட்ட பேத்தை மீன் மணலில் கிடக்கும். அதன் நஞ்சு காய்ந்தாலும் போகாது, வேகவைத்தாலும் போகாது. கடித்த நாய்க்கு வாந்தி வரும், கால்கள் துவளும், மூச்சுத் தசைகள் நின்றுபோகும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. வைத்தியர் மூச்சைத் தாங்கிப் பிடித்து வைக்கத்தான் முடியும். தூண்டில் முள்ளும் அதே மணலில்தான். முள் வாயிலோ பாதத்திலோ ஏறினால் இழுக்காமல் தூண்டில் நூலை மட்டும் வெட்டிவிட்டு வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

பாசிக்குடாவில் கடல் குளம்போல ஆழமில்லாமல் கிடப்பதால் நாய் மணிக்கணக்கில் விளையாடும், தாகத்தில் உப்புத் தண்ணீரையும் குடிக்கும். கொஞ்சம் குடித்தால் வயிற்றோட்டம். நிறையக் குடித்தால் வலிப்பு வரை போகும். கால் மணிக்கு ஒரு தடவை கூப்பிட்டு நல்ல தண்ணீர் கொடுங்கள்.

வாவியோரமும் குளக்கட்டும் வேறு கதை. மட்டக்களப்பு வாவியில் முதலை உண்டு, உன்னிச்சைப் பக்கம் உண்டு, அறுகம்குடாக் களப்பிலும் உண்டு. விளிம்பில் குனிந்து தண்ணீர் குடிக்கிற நாய் முதலைக்குத் தட்டில் வைத்த சாப்பாடு. தண்ணீரை நீங்கள் அள்ளிக் கொடுங்கள்.

புணானை, வெலிக்கந்தைப் பக்கமோ அம்பாறைப் பக்கமோ வேனை நிறுத்தினால் நாயை இறக்க வேண்டாம். யானையைக் கண்டு குரைத்துக்கொண்டு ஓடும் நாய், யானை திரும்பியதும் நம்மிடம்தான் ஓடிவரும். பின்னால் யானையும் வரும்.

ஊர் நாய்க் கூட்டம் சூழ்ந்துகொண்டால் குடையை விரியுங்கள். திடீரென்று பெரிதாக ஏதோ முன்னால் விரிந்ததும் அவை தயங்கி நிற்கும், அதற்குள் மெல்ல விலகலாம். நம் நாயைத் தூக்கிப் பிடித்தால் அவை நம் மேல் பாயும். யாரையாவது கடித்துவிட்டால், நம் நாயாக இருந்தாலும் சரி, காயத்தைச் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அரச மருத்துவமனைக்குப் போகவேண்டும். "எங்கட நாய்தானே" என்று மஞ்சள் பூசிக்கொண்டு இருக்கக் கூடாது.

சமையலுக்கு எரிவாயு அடுப்புக் கொண்டுபோகிறவர்களுக்கு ஒன்று. அந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில்தான் தேங்கும், நாயும் தரையில்தான் படுக்கும். கூடாரத்துக்குள் அடுப்பு வேண்டாம்.

எட்டாம் படி: வீட்டில் விட்டுப் போகிறவர்களுக்கு

சாப்பாடு வைக்கிறேன் என்று சொல்லும் பக்கத்து வீட்டு மாமி புறப்படுவதற்கு மூன்று நாட்களுக்கு முன்பே வந்து தன் கையால் வைக்கட்டும். நீங்கள் இல்லாத வீட்டுக்குள் புதிதாக ஒருவர் நுழைந்தால் நல்ல நாயும் கடிக்கும். திறப்பு, மருந்து, வைத்தியரின் எண், கொஞ்சம் காசு எல்லாம் ஒரு உறையில் போட்டுக் கொடுங்கள். காசை வாங்க வெட்கப்படுவா. வற்புறுத்திக் கொடுங்கள், நள்ளிரவில் முச்சக்கர வண்டிக்கு வேண்டும்.

மூன்று நாள் சங்கிலியில் கட்டிவிட்டுப் போவதைவிட, மதில் அடைத்த வளவில் அவிழ்த்துவிடுவது நல்லது. நத்தார் விடுமுறை நமக்கு மாரியின் நடுவில் வருகிறது. ஒரே இரவு மழையில் வளவு முழங்கால் ஆழமாகிவிடும். 1978 நவம்பர் 23 சூறாவளியைப் பார்த்த என் அம்மம்மா, மழைக்காலத்தில் எந்த உயிரையும் கட்டிப்போட விடமாட்டா. "கட்டிப்போட்டா அது எங்க மனே ஓடும்?" என்று கேட்பா. 2004 டிசம்பர் 26 சுனாமி எங்கள் ஊருக்குச் சொன்னதும் அதுதான். விறாந்தையில் மேசை உயரத்துக்கு ஏறிப் படுக்க ஒரு இடம் இருக்கட்டும். வெள்ளத்துக்குப் பாம்பும் மேட்டைத் தேடிவரும் என்பதால் மாமி காலையில் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு உள்ளே போகவேண்டும். பாம்பு கடித்தால் கீறவும் வேண்டாம், இறுக்கிக் கட்டவும் வேண்டாம். நாயை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போங்கள்.

சோற்றுத் தட்டை அகலமான தண்ணீர்த் தட்டத்தின் நடுவில் வைத்தால் எறும்பு ஏறாது. மீன் தொட்டியை நினைத்து யாரும் கவலைப்பட வேண்டாம். வளர்ந்த, சுகமான மீன்கள் மூன்று நாள் பட்டினி கிடக்கும். பாசத்தில் மூன்று நாள் தீனியை ஒன்றாகக் கொட்டினால்தான் தண்ணீர் அழுகிச் சாகும்.

ஒன்பதாம் படி: பண்டிகை வீடு

வெளிநாட்டிலிருந்து வந்த சூட்கேஸ் திறந்து கிடக்கும் வீடுதான் நாய்க்கு ஆபத்தான வீடு. சொக்லேட்டில் இருக்கும் தியோபுரோமின் நாயின் இதயத்தையும் நரம்புகளையும் தாக்கும். பத்துக் கிலோ நாய் நூறு கிராம் பால் சொக்லேட் தின்றால் வாந்தி, தவிப்பு. அதே நூறு கிராம் கறுப்புச் சொக்லேட் என்றால் உயிருக்கே ஆபத்து. சீனியில்லாத சுவிங்கத்தில் சேர்க்கும் சைலிட்டோல் இன்னும் வேகமானது, அரை மணியிலேயே இரத்தச் சர்க்கரையை விழுத்திவிடும்.

பிளம்ஸ், அதாவது காய்ந்த முந்திரிகை, நாயின் சிறுநீரகத்துக்கு நஞ்சு. ரிச் கேக்கில் அது நிறைய உண்டு, சர்க்கரைப் பொங்கலில் உண்டு, பாயாசத்தில் உண்டு, புரியாணியிலும் உண்டு. எவ்வளவு தின்றால் கெடும் என்று ஒரு கணக்கு இல்லை, ஒரு நாய்க்கு ஒன்றும் ஆகாது, மற்றதுக்கு ஒரு பிடியே போதும். வெங்காயமும் உள்ளியும் நாய், பூனை இரண்டின் இரத்தத்தையும் கெடுக்கும், பூனைக்குக் கூடுதலாக. அதனால் தீபாவளி இறைச்சிக்கறிக் குழம்பைச் சோற்றில் பிரட்டி வைக்காதீர்கள். வேகவைத்த கோழி எலும்பு ஊசியாக உடையும். வெற்றிலை வட்டாவைத் தரையில் வைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அதில் இருக்கும் புகையிலைத் துண்டு சின்ன நாய்க்குப் போதுமான நஞ்சு.

பூனைக்குக் காய்ச்சல் போல் இருக்கிறதென்று பனடோல் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும், அன்பால்தான் கொடுத்தார்கள். ஒரே ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். அதன் ஈரலால் அந்த மருந்தை உடைக்க முடியாது. நாயின் உண்ணிக்குப் போடும் பெர்மெத்ரின் மருந்தும் பூனைக்கு அப்படித்தான்.

நஞ்சு தின்றது தெரிந்தால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்காதீர்கள். உப்பே இரண்டாவது நஞ்சாகிவிடும். மிச்சத்தையும் உறையையும் எடுத்துக்கொண்டு உடனே போங்கள்.

நத்தார் மரத்துக்குச் சவுக்குக் கொப்பு வைத்தால் வாளியில் கல் போட்டு இறுக்குங்கள், பூனை ஏறும். ஜிகினா நாடாவைப் பூனை விழுங்கினால் குடல் சுருங்கி மடிந்துபோகும். பின்பக்கத்தால் நாடாவின் முனை தெரிந்தால் இழுக்கக் கூடாது. லில்லிப் பூங்கொத்து பூனை இருக்கும் வீட்டுக்கு வேண்டாம், மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் போய்விடும். பலகாரம் சுடும் நாளில் லவ் பேர்ட்ஸ் கூட்டை அடுக்களையிலிருந்து தூரக் கொண்டுபோங்கள். ஒட்டாத சட்டி அளவுக்கு மீறிச் சுட்டால் வரும் புகை பறவைகளை நிமிடங்களில் கொன்றுவிடும்.

இனி வெடி. நமக்கு 20,000 ஹேர்ட்ஸ் வரைதான் காது கேட்கும். நாய்க்கு 45,000 வரை கேட்கும். சீனவெடிச் சரம் அதற்கு எப்படியிருக்கும் என்று யோசியுங்கள். தீபாவளி, நத்தார் இரவு, டிசம்பர் 31 நள்ளிரவு, சித்திரை வருடப்பிறப்பு இவை நாள் தெரிந்தவை. கோயில் திருவிழா அதிர்வெடியும் கிரிக்கெட் வெற்றியும் சொல்லாமல் வரும். அன்று மாலையே நடத்திக் களைக்கவைத்து, சோறு கொடுத்து, இருட்ட முன் உள்ளறையில் விடுங்கள். யன்னல் திரை, மின்விசிறி, கொஞ்சம் சத்தமாக வானொலி. கட்டிலுக்குக் கீழே போனால் இழுக்க வேண்டாம், அதுதான் அதன் குகை. நடுங்கும்போது தடவினால் பயம் கூடும் என்பார்கள், அது வெறும் பேச்சு; பக்கத்தில் இருங்கள். ஒவ்வொரு வருடமும் கதவைப் பிய்க்கிற நாய் என்றால் அன்றிரவுக்கென மிருக வைத்தியர் தரும் மாத்திரைகள் உண்டு. வெடி தொடங்கிய பிறகு கொடுத்தால் வேலை செய்வது குறைவு, ஒன்றிரண்டு மணி நேரம் முந்திக் கொடுங்கள். அன்றைக்கும் பொறுப்பாளர் ஒருவர் வேண்டும். விருந்தினர் வாசல் கதவைத் திறந்து திறந்து வருவார்கள். மகா ஓயாவில் நடந்தது வீட்டு வாசலிலும் நடக்கும்.

பத்தாம் படி: திரும்பி வந்ததும்

வேனிலிருந்து பொதிகளை இறக்க முன் நாயைப் பாருங்கள். காதுக்குள், விரல் இடுக்கு, வாலடி, கழுத்துப்பட்டிக்குக் கீழே உண்ணி இருக்கும். சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய் பூசுவது, சுடுவது வேண்டாம். அடுத்த நாள் சோம்பலாக இருந்தால் பயணக் களைப்புத்தான். ஆனால் அடுத்து வரும் இரண்டு மூன்று வாரங்களுக்குள் சோறு வேண்டாமென்று படுத்தால் உதட்டைத் தூக்கி முரசை, அதாவது பல்லீறைப் பாருங்கள். வெளிறியிருந்தாலோ மூத்திரம் கோப்பி நிறத்தில் போனாலோ உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். இரத்தம் சோதிக்கச் சொல்லுங்கள். எந்தெந்த ஊருக்குப் போனீர்கள் என்று வைத்தியரிடம் சொல்ல மறக்க வேண்டாம், அதை அவர் கேட்காமலும் விடலாம்.